புதன்கிழமைக்குள் தட்டி வேண்டும்

அனுப்புநர்:
செ. பொன்னாயி (வயது 34),
க/பெ செல்லமுத்து,
சத்துணவு மைய உதவியாளர்,
ஆதிதிராவிடர் காலனி,
மேலவெள்ளாம்பாடி கிராமம்,
பெரம்பலூர் வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: மேலவெள்ளாம்பாடி ஏரிக் களத்தில் காயும் பச்சைச் செங்கல்லை மூடும் 146 கரும்புச் சோகைத் தட்டிகளை ஊரார் எடுத்துப்போய்ப் பூட்டி வைத்திருப்பது – வரும் புதன் முதல் மழை என வானொலி அறிவித்திருப்பது – அதற்குள் தட்டிகளைத் திருப்பித் தர உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. ஏரி மண் எடுக்கத் தங்கள் அலுவலகம் எங்களுக்கு அளித்த அனுமதி.
2. 3.4.83 ஞாயிறு மாலை திருச்சி வானொலி சொன்ன வரும் வார வானிலை (கேட்டு நான் எழுதியது, இணைப்பில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று திங்கள். இம்மனுவுக்கு ஆயுள் நாளை மாலை வரைதான். புதன்கிழமைக்குப் பிறகு இதைப் படித்து ஒரு பயனும் இல்லை. ஆகவே கோப்பில் சேர்க்கும் முன் ஒருமுறை தாங்களே படித்துவிட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சென்ற ஆண்டு முதல் எங்கள் ஊர்ச் சத்துணவு மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். தங்கள் அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவரிடம் நான் போகவில்லை. அவர் எழுதினால் எழுத்து அழகாக இருக்கும். ஆனால் நடந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதிவிடுவார். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் காலனியில் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சென்ற ஆண்டு மனைப்பட்டா கிடைத்தது. அந்த மனைகளில் தொகுப்பு வீடு கட்டித் தர அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. செங்கல்லை மட்டும் நாங்களே அறுத்துச் சுட்டுத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்றியப் பொறியாளர் 20.4.83 அன்று வந்து பார்ப்பார். சுட்ட கல் களத்தில் இருந்தால் அன்றே கடைக்கால் போட அளந்து கொடுப்பார். இல்லாவிட்டால் வீடு பட்டியலில் உள்ள அடுத்த ஊருக்குப் போய்விடும். அடுத்த ஊர்க்காரர்கள் கல்லைச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பதாக அவரே எங்களிடம் சொன்னார்.

3. கல் அறுக்கத் தெரிந்தவர் எங்களில் தர்மன் ஒருவர்தான். மாசி மாதத் தொடக்கத்திலிருந்து அவர் காட்டிக் கொடுக்க, ஆணும் பெண்ணுமாக மண் குழைத்து, அச்சில் அடித்து, அறுபதினாயிரம் கல் அறுத்திருக்கிறோம். பகலில் கூலி வேலை கிடைத்தவர்கள் வேலைக்குப் போய்விட்டு வந்து அறுத்தார்கள். இந்த வறட்சியில் வேலை கிடைத்தவர்கள் குறைவு என்பதால் கல் வேகமாகவே வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

4. பச்சைக்கல் என்பது வெயிலில் காய்ந்த மண்தான், ஐயா. சூளைக்குள் போய் நெருப்பைப் பார்க்கும் வரை அது கல் இல்லை. அரை மணி நேர மழை போதும்; இரண்டு மாத உழைப்பு மறுபடி ஏரி மண்ணாகிவிடும். ஈரம் உள்ள கல்லை அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். கடைசியாக அறுத்த கல் இன்னும் எட்டு நாள் காய வேண்டும். இதனால்தான் இந்த ஒரு வாரம் எங்களுக்கு இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

5. மழை வந்தால் மூடுவதற்காகத் தட்டி செய்தோம். தை மாதம் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன எங்கள் ஆட்கள், வயலில் எரிக்க வைத்திருந்த சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, கேட்டு வாங்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். அதை மூங்கில் பிளாச்சில் வைத்துக் கட்டினோம். மொத்தம் 146 தட்டி. பெண்கள் அத்தனை பேருக்கும் கை அறுபட்டது. சோகை எப்படிப்பட்டது என்று கரும்பு வயலுக்குள் போனவர்களுக்குத் தெரியும்.

6. எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பாக இருந்தது. காரணம், என்னிடம் ஒரு ரேடியோ இருக்கிறது. லப்பைக்குடிக்காடு ஜைனம்பு அம்மாள் வீட்டில் நான் முன்பு நெல் அவிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய மகன் சவுதியிலிருந்து புதிது ஒன்று கொண்டுவந்தபோது, "இந்தா புள்ள, இது எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க. கேட்டுட்டுச் சும்மா இருக்காத, நாலு பேருக்குச் சொல்லு" என்று பழையதை எனக்குக் கொடுத்தார். அவர் சொன்னபடியே செய்தேன். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் வேளாண் நிகழ்ச்சியில் வரும் வார வானிலை சொல்வார்கள். அதைக் கேட்டு நோட்டில் எழுதி, காலனிக்கும் ஊருக்கும் சொல்லிவந்தேன். நாலு பேருக்குச் சொன்னதுதான் இன்று எனக்கு வினையாகியிருக்கிறது.

7. மறைக்காமல் சொல்கிறேன். வானொலி மூன்று முறை மழை என்றது. மூன்று முறையும் எங்கள் ஊரில் மழை இல்லை. மார்ச் 10ஆம் தேதி மழை என்றார்கள்; மூடினோம்; புழுதிக் காற்று அடித்து ஓய்ந்தது. 16ஆம் தேதி என்றார்கள், மூடினோம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் பெய்துவிட்டுப் போய்விட்டது. 29ஆம் தேதி என்றார்கள். அந்த முறை தர்மன், "வேணாம் பொன்னாயி, இந்தத் தடவயும் பொய்ச்சுதுன்னா ஊரு நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்று தடுத்தார். நான்தான் பிடிவாதமாக மூடச் சொன்னேன். எறையூர்ப் பக்கம் இடி இடித்துப் பெய்தது. எங்கள் களத்தில் நாங்கள் 146 தட்டியைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றோம். ஊர் சிரிக்கவில்லை, ஐயா. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8. ஊர் ஏன் சிரிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்ற ஐப்பசியும் பொய்த்து, கார்த்திகையும் பொய்த்துவிட்டது. ஏரி வறண்டதால்தான் எங்களுக்கு மண் எடுக்க இடமே கிடைத்தது. ஊர்க் கிணறுகளில் வாளி தரையைத் தட்டுகிறது. ஊர் நாட்டாண்மை அய்யம்பெருமாள் அவர்கள் வீட்டில் இரண்டு உழவு மாடுகளைத் தீவனமில்லாமல் அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்குனியில் ஒரு உழவு மழை விழுந்தால் எள்ளாவது விதைக்கலாம் என்று ஊரே அண்ணாந்து கிடக்கிறது. அதற்காகக் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். இழுத்தவர்கள் எங்கள் காலனி ஆண்கள். பறை அடித்தவர்களும் எங்கள் ஆட்கள். அதன் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்துப் போன பெண்களில் நானும் ஒருத்தி. தொண்டை கட்டி இரண்டு நாள் சத்துணவு மையத்தில் பிள்ளைகளை அதட்டக்கூட முடியவில்லை. மழை வேண்டாம் என்று நினைக்கிறவள் இதைச் செய்திருப்பாளா என்று தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

9. இந்த நிலையில் என் வாயால் நானே ஒரு தவறு செய்தேன். அதை எழுதாமல் விட்டால் மனு பொய்யாகிவிடும். 30ஆம் தேதி காலை, எறையூரில் பெய்த மறுநாள், தட்டிகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். அவ்வழியே வந்த நாட்டாண்மை அவர்கள் நின்று, "என்னா பொன்னாயி, ஒம் பொட்டி இன்னக்கி என்னா சொல்லுது? மூடுறதா, தெறக்கிறதா?" என்று கேட்டார். மூன்று முறை ஏமாந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. "நான் மூடுனா மழ வராதுங்க நாட்டாமை. வரணும்னா சொல்லுங்க, தெறந்து வக்கிறேன்" என்றேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. குடை எடுத்துப் போனால் மழை வராது என்று எல்லோரும் சொல்வதில்லையா, அதைப் போல ஒரு பேச்சுக்குச் சொன்னது. வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

10. மறுநாள், 31.3.83 வியாழக்கிழமை, மாரியம்மன் கோயில் முன் ஊர்க்கூட்டம் நடந்தது. எங்களையும் வரச் சொன்னார்கள்; ஓரமாக நின்றோம். அங்கே என் பேச்சு சாட்சியாக வைக்கப்பட்டது. நாட்டாண்மை அவர்கள் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஊரே மழய வா வாங்குது. இவங்க மட்டும் தட்டியப் போட்டு மூடிக்கிட்டு வராத வராதங்கிறாங்க. அது எங்க வரும்? நாஞ் சொல்லல, அவ வாயாலயே சொல்லிட்டா. மூடுனா வராதாம், தெறந்து வச்சா வருமாம். தெறந்து வச்சுட்டுப் போகட்டுமே, இதுல என்னா கஷ்டம்?" அது விளையாட்டுக்குச் சொன்னது என்று நான் எழுந்து சொன்னேன். மூன்று தடவை நடந்தது விளையாட்டா என்று ஒருவர் கேட்டார். அதோடு தட்டிகளை எடுத்துவிடுவது என்று கூட்டம் முடிவு செய்தது.

11. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அதில் பாதியைத்தான் ஊர் எடுத்துக்கொண்டது என்பது என் வருத்தம். மார்ச் 20ஆம் தேதி வானொலி அந்த வாரம் முழுக்க வறண்ட வானிலை என்றது. நாங்கள் ஒரு தட்டிகூடப் போடவில்லை. அறுபதினாயிரம் கல்லும் ஏழு நாள் அம்மணமாகக் கிடந்தன. மழை வந்ததா? வரவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. ஓரமாக நிற்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

12. 2.4.83 சனிக்கிழமை காலை ஊரார் இருபது பேர் இரண்டு மாட்டு வண்டியோடு ஏரிக் களத்துக்கு வந்து தட்டிகளை ஏற்றிப் போனார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. ஏற்றும்போது கல்லை மிதித்துவிடாமல் பார்த்துக்கூட நடந்தார்கள். தட்டிகள் ஊரின் பழைய உரக்கிடங்கில் வைத்துப் பூட்டப்பட்டுள்ளன. சாவி எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அவர் அதற்கு ஒரு காகிதமும் எழுதி வைத்திருக்கிறார். அதில் "மேற்படி பொன்னாயி ஒப்புக்கொண்டதன் பேரில்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

13. அன்றே அவரிடம் போய்க் கேட்டோம். அவர் புதிதாக வந்தவர், கோபக்காரர் அல்ல. ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய சங்கடம். "மழ பெஞ்ச மறுநிமிஷம் தட்டி ஒங்க கைக்கு வந்துரும்மா. அதுக்கு நான் பொறுப்பு. ஊர்லயும் அப்படித்தான் பேசியிருக்கு" என்றார். கல்லை மழையில் நனையாமல் காக்கும் தட்டியை மழை பெய்த பிறகு தருவார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதை ஒரு அரசு ஊழியர் வாயால் கேட்டபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

14. நேற்று மாலை வானொலி சொன்ன வரும் வார வானிலையை நான் எழுதியபடியே கீழே தருகிறேன்:

திங்கள், செவ்வாய்: உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை. பிற்பகலில் மேகமூட்டம். வெப்பம் வழக்கத்தைவிட அதிகம்.
புதன், வியாழன், வெள்ளி: பெரும்பாலான இடங்களில் இடியுடன் கூடிய மழை. சில இடங்களில் பலத்த மழை, பலத்த காற்று. அறுவடை செய்த பொருள்களைப் பாதுகாப்பாக வைக்கவும்.
சனி: ஓரிரு இடங்களில் இலேசான மழை.

முந்தைய மூன்று முறையும் "ஓரிரு இடங்களில்" என்றுதான் சொன்னார்கள். ஓரிரு இடம் என்றால் நம் ஊர் இல்லாமலும் போகலாம். என் நோட்டில் "பெரும்பாலான இடங்களில்" என்று வந்திருப்பது இதுவே முதல் தடவை. இந்த வித்தியாசத்தை மூன்று முறையும் நான் கவனித்திருக்க வேண்டும். மழை என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டது என் தவறு. இப்போது கவனித்துவிட்டேன், ஆனால் தட்டி கையில் இல்லை.

15. மூன்று முறை பொய்த்ததை நான்காம் முறை ஏன் நம்ப வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். நம்ப வேண்டாம், ஐயா. பொய்த்தால் யாருக்கும் நட்டமில்லை. 146 தட்டி மூன்று நாள் கல்லின் மேல் கிடந்திருக்கும், அவ்வளவுதான். பலித்துவிட்டால் பன்னிரண்டு வீடு போகும். மேலும், தங்கள் அலுவலக வளாகத்தில் மழைமானி ஒன்று இருப்பதை வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அது பெய்த மழையை அளக்கிறது. அதை அங்கே வைத்ததால் மழை வந்ததும் இல்லை, எடுத்தால் நிற்கப்போவதும் இல்லை. எங்கள் தட்டியும் அப்படித்தான் என்று தங்கள் வாயால் சொன்னால் ஊர் கேட்கும். நான் சொன்னால் கேட்காது.

16. என்னை உண்மையில் தூங்கவிடாத விஷயம் இனிமேல் எழுதுவதுதான். தட்டி இல்லாமல் கல் திறந்து கிடந்து, புதன்கிழமை மழையும் பெய்துவிட்டால், கல் கரைவதோடு இது முடியாது. தட்டியை எடுத்தோம், மழை வந்தது என்று ஊர் சொல்லும். சொல்வதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கும். பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. அடுத்த வறட்சியிலும் மழை வேண்டி எங்களிடம்தான் வருவார்கள். எங்கள் கல்லையோ, காயப்போட்ட எங்கள் மிளகாயையோ, எங்கள் துணிமணியையோ திறந்து வைக்கச் சொல்வார்கள். கொடும்பாவி இழுப்பது எங்கள் வேலை என்று என்றைக்கு யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதுவும் அதைப் போல ஒரு வழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறேன். வழக்கம் ஆன பிறகு மனு எழுதி என்ன பயன்?

17. ஆகவே தட்டிகள் மழைக்கு முன் வந்துவிட வேண்டும். மூடிய கல்லின் மேல் மழை பெய்ய வேண்டும். ஊர் முழுக்க அதைப் பார்க்க வேண்டும். மூடியிருந்தும் மழை வந்தது என்று நாட்டாண்மை அவர்களே நனைந்துகொண்டு பார்க்க வேண்டும். இந்தப் பேச்சை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாங்களும் மழையைத்தான் கேட்கிறோம், ஐயா. மழை இல்லாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது நிலம் உள்ளவர்கள் அல்ல. களையெடுக்கவும் நாற்று நடவும் போகிற நாங்கள்தான். மழையும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டையும் கேட்பது அதிகப்படி என்று எனக்குத் தோன்றவில்லை.

18. காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். யாரையும் பிடித்து உள்ளே வைப்பதால் எங்களுக்கு நன்மை இல்லை. மழை பெய்தால் மறுநாள் அவர்கள் வயலில்தான் நாங்கள் இறங்க வேண்டும். அய்யம்பெருமாள் அவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. என் மூத்த பெண்ணைப் பாம்பு கடித்தபோது அவருடைய வண்டியைக் கட்டி, மாட்டை அடித்து ஓட்டி, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அந்த மாடுகளைத்தான் இப்போது அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் அவர் மீது எனக்குக் கோபமும் வருகிறது, வந்த கோபம் நிலைக்கவும் மாட்டேன் என்கிறது.

19. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) உரக்கிடங்கில் உள்ள 146 தட்டிகளையும் நாளை 5.4.83 செவ்வாய் மாலைக்குள் எங்களிடம் ஒப்படைக்கும்படி கிராம நிர்வாக அலுவலருக்கு இரண்டு வரி உத்தரவு எழுதித் தர வேண்டும். தபாலில் அனுப்பினால் வியாழன் ஆகிவிடும். என் கையில் தந்தால் இன்று மாலைப் பேருந்திலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

(ஆ) நான் ஒப்புக்கொண்டதாக அவர் எழுதியுள்ள வரியை அடிக்கச் சொல்ல வேண்டும். விளையாட்டாகப் பேசியதற்கு என்னைத் திட்டலாம். அதைச் சர்க்கார் காகிதத்தில் ஏற்றக்கூடாது.

(இ) மழை பெய்யும் நாளில் தாங்களோ, தங்கள் சார்பில் வருவாய் ஆய்வாளரோ ஏரிக் களத்துக்கு ஒருமுறை வந்து நிற்க வேண்டும். பேச வேண்டியதில்லை. அதிகாரி ஒருவர் அங்கே நின்றிருந்தாலே எங்களுக்குப் போதும்.

வேறு எதுவும் கேட்கவில்லை. அறுபதினாயிரம் கல்லில் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் திருப்பிக் காயவைத்தவர்கள் சார்பில் இதைக் கேட்கிறேன். மறுக்காமல் செய்ய வேண்டும்.

இணைப்பு: வானிலை எழுதிய நோட்டின் ஐந்து பக்க நகல் (கையால் எழுதியது).

இடம்: பெரம்பலூர்
நாள்: 4.4.1983

தங்கள் பதிலுக்குக் காத்து நிற்கும்,
செ. பொன்னாயி

பின்குறிப்பு: ஐயா, மேற்கண்டதை எழுதி முடித்துக் கொடுக்க வந்தபோது, தாங்கள் முகாம் போயிருப்பதாகவும் நான்கு மணிக்கு வருவீர்கள் என்றும் எழுத்தர் சொன்னார். தாழ்வாரத்தில் காத்திருக்கையில், இரண்டு மணிப் பேருந்தில் என் கணவர் செல்லமுத்து வந்து சேர்ந்தார். காலையிலிருந்து ஊரில் காற்றே இல்லை என்றும், தெற்கே மேகம் ஏறிவிட்டது என்றும், புதன் வரை தாங்காது என்று தர்மன் சொல்வதாகவும் கூறினார்.

காலனியில் யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக் கூரைகளைப் பிரித்துக் கல்லை மூடத் தொடங்கிவிட்டார்கள். முதலில் பிரித்தது என் வீட்டுக் கூரை. என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ரேடியோவைக் கேட்டு ஊருக்குச் சொன்னவள் நான்தானே. பழைய கூரை என்பதால் பிரிக்கும்போதே பாதி பொடிந்துவிடுகிறதாம். பன்னிரண்டு கூரையையும் பிரித்தாலும் முக்கால்வாசிக் கல்லைத்தான் மூட முடியும். பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான சின்னம்மாள் வீட்டை மட்டும் விட்டுவிடுவது என்று பேசியிருக்கிறார்கள். தன் வீட்டையும் பிரிக்கச் சொல்லி அவள் சண்டை போடுகிறாளாம்.

மழை வந்தால் பன்னிரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் அவளுடைய ஒரே வீட்டுக்குள் இருக்கும். ஆகவே உத்தரவைக் கொண்டுவரும் ஊழியர் பெரியவர்களை வீட்டில் தேட வேண்டாம். ஏரிக் களத்தில் கல்லோடு இருப்போம்.

செ. பொன்னாயி